பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு உடல் சில புதிய துணைகளைத் தந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடி ஒன்று, முழங்கால் வலி மற்றொன்று. எனக்கு வாய்த்த மூன்றாவது துணை சற்று விந்தையானது. வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தாலும், வெளிறிய காலை வானத்தை நோக்கினாலும், இடக்கண்ணின் முன்னே நூலிழை போன்றதொரு நிழல் மிதக்கிறது. உற்றுப் பார்ப்போம் என விழியைத் திருப்பினால் அதுவும் கூடவே நகர்ந்து நழுவுகிறது. விழியை நிறுத்தினால் மெல்ல அசைந்து அடங்குகிறது.

நம் மக்கள் இதனைக் 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்பர். மருத்துவ நூல்கள் இதற்கு இட்ட பழைய இலத்தீன் பெயர் 'முஸ்கே வொலித்தாந்தெஸ்'. குருமடத்தில் இலத்தீன் கற்ற எனக்கு அதன் பொருள் உடனே விளங்கிற்று: 'பறந்து திரியும் ஈக்கள்'. ஐரோப்பிய மருத்துவரும் நம் ஊர்ப் பாட்டியும் ஏறத்தாழ ஒரே உவமையையே கண்டிருக்கின்றனர்!

உண்மையில் பறப்பது ஈயுமன்று, பூச்சியுமன்று. நம் கண்ணின் உட்புறம், லென்சுக்கும் விழித்திரைக்கும் இடையே, தெளிந்த கூழ் ஒன்று நிறைந்துள்ளது. அளவில் ஏறக்குறைய 4 மில்லி லிட்டர். அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் மிக நுண்ணிய நார்கள் உள்ளன. வயது ஏற ஏறக் கூழ் இளகி நீராகிறது. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கண்ணுக்குள் புகும் ஒளி அத்திரள்கள் மேல் படும்போது அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. ஆகவே நாம் காண்பது வெளியே உள்ள பொருளை அன்று. நம் கண்ணுக்குள் விழும் நிழலையே. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இது இளமையிலேயே தோன்றுவதுண்டு.

நெடுநாளாக இருந்துவரும், பெருகாத இத்தகைய ஓரிரு நிழல்களைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. கண்ணில் விடும் விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ அவற்றைக் கரைப்பதில்லை. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் கரைப்பதில்லை. நாளடைவில் நம் மூளை அவற்றைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்கிறது. இங்கே பொறுமையே மருந்து எனலாம்.

ஆனால் பொறுமை எங்கும் எப்போதும் நன்மையே பயக்கும் என எண்ணிவிடலாகாது. எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தையற்காரர். ஒருநாள் மாலை அவருடைய வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் கீற்றுப் போல ஒளி வெட்டிற்று. சிறிது நேரத்தில் கரித்தூளைத் தூவினாற்போலப் புள்ளிகள் பல மிதக்கலாயின. திருவிழாத் துணிகள் குவிந்து கிடந்த நேரம் அது. 'எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்' எனப் பொறுத்துக்கொண்டார். ஆறாம் நாள் அந்தக் கண்ணின் பார்வையில் கீழிருந்து மேலாகக் கருந்திரை ஒன்று ஏறத் தொடங்கிற்று. மருத்துவரை அடைந்தபோது விழித்திரையின் நடுப்பகுதியும் பிரிந்திருந்தது. அறுவை மருத்துவத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டிற்று. எனினும் ஊசியில் நூல் கோக்கும் பார்வை அக்கண்ணுக்குத் திரும்பவில்லை. நலம் கேட்கச் சென்றபோது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வலியே இல்லீங்களே சாமி! வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே."

அந்தச் சொல்லில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது. விழித்திரைக்கு ஒளியை உணரும் ஆற்றல் உண்டு. வலியை உணரும் ஆற்றல் இல்லை. அது கிழிந்தாலும் நோகாது. நாமோ வலியை வைத்தே நோயை அளந்து பழகியவர்கள்.

அவருக்கு நேர்ந்தது என்ன? இளகிய கூழ் சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையை விட்டுப் பிரிகிறது. ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் பெரும்பாலோர்க்கு இது நிகழ்கிறது. பலருக்குத் தீங்கின்றி முடிந்துவிடுகிறது. பிரியும்போது விழித்திரையை இழுத்தால், அதனை அது ஒளிக்கீற்றாகவே உணர்கிறது. அழுத்தமாக ஒட்டியுள்ள இடத்தில் இழுபட்டால் விழித்திரை கிழிகிறது. கிழிசலின் வழியே நீர் புகுந்து, சுவரிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு பெயர்வதுபோல் அதனைப் பெயர்த்துவிடுகிறது. திடீரெனப் புள்ளிகளோ ஒளிவெட்டோ கண்டு மருத்துவரிடம் செல்வோருள், கூழ் இவ்வாறு பிரிந்தவர்களில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

எனவே வாசக அன்பர்கள் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்: திடீரெனப் புதிய புள்ளிகள் பல தோன்றுதல், இருட்டிலும் ஒளி வெட்டுதல், பார்வையின் ஒரு பக்கத்தில் நிழலோ திரையோ படிதல், பார்வை சட்டென மங்குதல். இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் அடிபட்டவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும், கிட்டப்பார்வை மிகுந்தவர்களும் கூடுதல் விழிப்போடிருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிவதாலும் புள்ளிகள் தோன்றக்கூடும். ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடுமாதலால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை மருத்துவர் பார்த்தாக வேண்டும். பின்னர்ச் சில மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும். ஆகையால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டி ஓட்ட வேண்டாம். கிழிசல் இல்லை என அறிந்தபின்னும் சில வாரங்களில் மீண்டும் வரச் சொன்னால் தவறாமல் செல்லுங்கள், தாமதித்தும் கிழிவதுண்டு. என் இடக்கண்ணில் அந்த நூலிழை தோன்றிய மறுநாளே நானும் இச்சோதனைக்கு உட்பட்டேன். கிழிசல் ஏதுமில்லை என்றறிந்த பின்னரே அதனோடு வாழப் பழகினேன்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்வரை விழித்திரை பெயர்ந்தவர் பார்வையிழப்பது ஏறக்குறைய உறுதி. கிழிசலை அடைத்தால் விழித்திரையைக் காக்கலாம் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஜூல் கோனின் 1920களில் நிலைநாட்டினார். இன்றோ, விழித்திரை பெயருமுன் கண்டுகொண்டால், லேசர் ஒளியால் கிழிசலைச் சுற்றித் தழும்பிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். பெயர்ந்தபின் வந்தால் பெரிய அறுவை. நடுப்பகுதியும் பெயர்ந்துவிட்டால் பழைய பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. இரண்டுக்கும் இடையே உள்ள காலம் சிலருக்குச் சில நாள்களே.

பொறுமையைப் போதிப்பது எங்கள் பணியின் ஒரு கூறு. நோயிலும் வறுமையிலும் பொறுத்துப் பழகிய நம் மக்களிடம், குறிப்பாகத் தம் நோவை வீட்டாரிடம் சொல்லவும் தயங்கும் முதியோரிடம், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: பழகிய நிழலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், திடீரென வந்த நிழலைப் பொறுக்காதீர்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ 'கண்ணில் என்னவோ பறக்கிறது' என்றால், 'வயதானால் அப்படித்தான்' எனக் கடந்துவிடாமல், 'எப்போதிலிருந்து?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை 'நேற்றிலிருந்து' என்றால், அன்றைய வேலை எதுவாயினும் அது காத்திருக்கட்டும்.