அகத்தியர் மலையடியில் தமிழ்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் வித்துரா வரும். பொன்முடிக்கும் போனக்காட்டிற்கும் செல்வோர் இவ்வூரைக் கடந்தே மலையேறுவர். ஆங்கிலேயர் காலத்தில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கு உழைக்கச் சென்றவர்களுள் நம்மவர் பலர். அவர்தம் வழியினர் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்துவிட்டதால் பலர் கூலிவேலை தேடிக் கீழே இறங்குகின்றனர்.

இரயில்வே எழுத்தனாகிய யான் விடுமுறையொன்றில் அங்குச் சென்றேன். வாசல்தோறும் தமிழ்ப் பேச்சு ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தேன். பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் பாடக் குறிப்பேட்டைக் காட்டினாள். முத்து முத்தான மலையாள எழுத்து! தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னதும் தாயின் முகத்தை நோக்கினாள். தாய்க்கும் தமிழெழுத்துத் தெரியாது.

பள்ளியைக் குறைகூறுவதற்கில்லை. வாழும் நாட்டின் மொழியைப் பழுதறக் கற்பதே முறை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டுமென, 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு கூறுகின்றது. ஆயினும் சிதறிய சில குடும்பங்களுக்கெனத் தனி வகுப்பு அமைவது எளிதன்று.

தமிழுக்கு இலக்கணம் வகுத்தவரென நாம் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கி 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். அதன் அடிவாரத்தில் தமிழ் செவியளவில் நின்றுபோதல் தகுமோ? பெற்றோர்களே, நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டுத் திண்ணையையே தமிழ்ப் பள்ளியாக்குங்கள். நகரத்து அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த தமிழ்ப் பாடநூல்களை, மலைக்குச் செல்லும்போது உடன் எடுத்துச் செல்லுங்கள்.