முடியாது எனச் சொன்ன கர்ல்

அக்டோபர் 5, 2023

இணையத்தில் தரவை அனுப்பிப் பெற உதவும் கர்ல் நிரலின் 8.4.0 பதிப்பு திட்டமிட்ட நாளுக்கு முன்னதாகவே, வரும் 11-ஆம் தேதி வெளியாகிறது. காரணம், கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று. எந்தெந்தப் பதிப்புகளில் அது இருக்கிறது என்பதைக்கூட டேனியல் ஸ்டென்பெர்க் சொல்ல மறுத்துவிட்டார். எண்ணைச் சொன்னாலே கோடில் எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடுமாம். சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அவர் செய்வதுதான் சரி என்று படுகிறது. 1998 முதல் கர்லைக் கட்டிக் காத்துவருகிறவர் அவர். கைபேசி, கார், தொலைக்காட்சி என்று அது உட்கார்ந்திருக்கும் இடங்கள் இரண்டாயிரம் கோடிக்கு மேல் இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

அக்டோபர் 11

விவரம் வந்துவிட்டது. ஓட்டையின் எண் சிவிஇ-2023-38545. சாக்ஸ்5 ப்ராக்ஸி வழியாக இணைக்கும் இடத்தில் ஹீப் பஃபர் நிரம்பி வழிகிறது.

சாக்ஸ்5-இல் ஒரு தளத்தின் பெயரை முகவரியாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. நம் கணினியே டிஎன்எஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்லது பெயரை அப்படியே ப்ராக்ஸியிடம் கொடுத்து, அதையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பைப் பயன்படுத்துவோருக்கு இரண்டாவது வழிதான் உயிர்நாடி. முதல் வழியில் போனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது டிஎன்எஸ் கேள்வியிலேயே கசிந்துவிடும். ஆனால் நெறிமுறையில் பெயரின் நீளத்தைக் குறிக்க ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பைட். 255-க்கு மேல் போக வழியில்லை.

அதைவிட நீளமான பெயர் வந்தால் என்ன செய்வது? கர்ல் தானாகவே முதல் வழிக்கு மாறிக்கொண்டது. ப்ராக்ஸிதான் தேட வேண்டும் என்று பயனர் கேட்டிருந்தாலும் மாறிக்கொண்டது. அந்த மாற்றம் தெரியவருவது, விவரமான செய்திகளைக் காட்டச் சொல்லியிருந்தால் மட்டுமே.

2020 பிப்ரவரியில், சாக்ஸ்5 இணைப்பை ஏற்படுத்தும் ஃபங்ஷனை ஸ்டென்பெர்க் மாற்றி எழுதினார். அதுவரை ப்ராக்ஸியின் பதில் வரும்வரை அங்கேயே காத்து நின்றது. புதிய வடிவில், பதில் வராவிட்டால் வெளியேறி, பிறகு திரும்ப அழைக்கப்படும்போது விட்ட நிலையிலிருந்து தொடரும். நல்ல மாற்றம்தான். ஆனால் எந்த வழி என்ற முடிவை வைத்திருந்த மாறி, அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு நுழைவிலும் அதற்குத் தொடக்க மதிப்பு திரும்ப ஏறும். நீளத்தைச் சோதிக்கும் வரியோ முதல் நிலையில் மட்டுமே ஓடும். ப்ராக்ஸி சற்றுத் தாமதித்தால் போதும்: முதல் நுழைவில் எடுத்த முடிவு அழிந்து, நீளமான பெயர் ப்ராக்ஸிக்கு அனுப்பும் பஃபருக்குள் அப்படியே நகலாகும். கர்ல் அனுமதிக்கும் பெயரின் நீளம் 65535 பைட் வரை. கர்லின் நூலக வடிவமான லிப்கர்லின் வழக்கமான பஃபரோ 16 கிலோபைட்தான்.

கட்டளை வரியில் ஓடும் கர்ல் 100 கிலோபைட் பஃபர் வைத்துக்கொள்வதால், வேகக் கட்டுப்பாட்டைக் குறைவாகக் கொடுத்தால் தவிர அதற்கு ஆபத்தில்லை. மற்ற நிரல்களுக்குள் இருக்கும் லிப்கர்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாக்குபவர் தன் சர்வரிலிருந்து நீளமான பெயருக்கு ஒரு ரீடைரக்ட் கொடுத்தால் போதும்.

அக்டோபர் 12

திருத்தத்தைப் படித்தேன். பஃபரைப் பெரிதாக்கியிருப்பார்கள், அல்லது மாறியை நிலைத்திருக்கும் இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமே ஓட்டையை அடைத்திருக்கும். அவர்கள் செய்தது வேறு: பெயர் 255-ஐத் தாண்டினால், ப்ராக்ஸியால் தேட முடியாத அளவுக்கு நீளம் என்று பிழை சொல்லி இணைப்பையே நிறுத்திவிடுகிறார்கள். தானாக வழிமாறும் வசதி அங்கே இல்லவே இல்லை.

இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நினைவகம் வழிவதற்கு முன்பே அங்கே ஒரு தவறு இருந்தது. ப்ராக்ஸியே தேடட்டும் என்று கேட்டவருக்கு, அவரிடம் சொல்லாமலே வேறொன்றைச் செய்து கொடுப்பது உதவியே அல்ல. அந்தக் கள்ள உதவிக்காகத்தான் ஒரு மாறி தேவைப்பட்டது. அந்த மாறி மறந்ததால்தான் பஃபர் வழிந்தது. வேரைப் பிடுங்கினால் இரண்டும் போய்விடும். கூடவே, இதே மாதிரி ரீடைரக்ட்டை அனுப்பிப் பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்திருக்கிறார்கள்.

ஓட்டை 1315 நாள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது என்று ஸ்டென்பெர்க் தானே எழுதியிருக்கிறார். நிரல்வரிகளை அலசும் கருவிகளைப் பலமுறை ஓட்டியும் எதுவும் சிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. இவ்வளவு திறந்த மனத்தோடு தன் தவறை விளக்குகிறவர்களால்தான் எங்களைப் போன்றவர்கள் படித்துக்கொள்ள முடிகிறது.

அக்டோபர் 14

எங்கள் சர்வர்களைப் பார்த்து முடித்தேன். 7.69.0 முதல் 8.3.0 வரை பாதிப்பு. உபுண்டு 20.04-இல் இருப்பது 7.68.0, ஒரே ஒரு படியில் தப்பியது. டெபியன் 12-இல் 7.88.1 என்ற எண் மாறாமலேயே திருத்தம் மட்டும் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் பதிப்பு எண்ணை மட்டும் நம்பக் கூடாது, மாற்றக் குறிப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் 15

கர்லை ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா என்று அலுவலகத்தில் பேச்சு. நினைவகம் வழிந்திருக்காது; பஃபரின் எல்லையைத் தாண்டிய உடனே நிரல் நின்றிருக்கும். ஸ்டென்பெர்க்கும் இதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் கர்லை முழுவதும் வேறு மொழிக்கு மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. பாதுகாப்பான மொழிகளில் எழுதிய நூலகங்களைப் பகுதி பகுதியாக உள்ளே கொண்டுவரலாம் என்கிறார். நான் அந்தப் பக்கம்தான். நினைவகப் பாதுகாப்பு பெரிய வரம் என்பதில் சந்தேகமில்லை. அதே சமயம், ஒவ்வொரு நுழைவிலும் முடிவை மறக்கும் மாறியை ரஸ்டிலும் எழுத முடியும்.

திங்கட்கிழமை எங்கள் கோடில் முதலில் பார்க்க வேண்டியது: பாதியில் வெளியேறித் திரும்ப நுழையும் ஃபங்ஷன்களில், உச்சியிலேயே மதிப்பு ஏற்றப்படும் மாறிகள் எவை, அவற்றில் எது ஒரு முடிவைச் சுமக்கிறது. அதோடு, பயனர் கேட்காமலே நாம் வழிமாற்றிக் கொடுக்கும் இடங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல்.