மூன்று படி போதும்

புரட்டாசி பிறந்ததும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைகள் வந்து குவியும். அவ்வீதியை அடுத்த இல்லம் ஒன்றிலோ, மருமகளின் முகம் வாடத் தொடங்கும். அலுவலகப் பணி, பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு, ஒன்பது படிக் கொலு, நாள்தோறும் சுண்டல், தாம்பூலம் என யாவும் அவள் ஒருத்தியின் தலையிலேயே விழும்.

சென்ற ஆண்டு மகாளய அமாவாசையன்று, பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிய களைப்பில் அவள் மகளை அதட்டிவிட்டாள். "கொலுவே வேண்டாம் பாட்டி! கொலு வந்தால் அம்மா கோபிக்கிறாள்" என்று குழந்தை தேம்பியது. மாமியார் துணுக்குற்றார். ஒரு படியும் குறையலாகாது என்று ஆண்டுதோறும் வற்புறுத்தியவர் அவரேயன்றோ!

"ஒற்றைப்படையாக இருந்தால் போதும், அம்மா. மூன்றே படி வைப்போம்" என்றார். மரப்பாச்சிகளைப் பேத்தி எடுத்து வைத்தாள். கடலை ஊறவைக்கும் பொறுப்பை மாமியாரும், தாம்பூலப் பொறுப்பை மகனும் ஏற்றனர்.

சரஸ்வதி பூஜையன்று மருமகள் மகளை மடியில் இருத்திப் பாடினாள். அவள் பாடி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அம்பிகை மகிழ்வது படிகளின் எண்ணிக்கையால் அன்று என்பதை அம்மூதாட்டி அன்று உணர்ந்தார். மற்ற ஆறு படிகளும் பரணிலேயே இருந்தன. அவற்றை எவரும் தேடவில்லை.