எழுபத்து மூன்றாம் பந்துக்குப் பின்



2020 அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை இரவு. டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். அரங்கிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருந்தும் நாம் அதைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். கொரோனா காலம். 40,000 பேர் அமரக்கூடிய அரங்கில் சுமார் 11,000 பேரையே அனுமதித்திருந்தார்கள். மேல்மாடியில் வசித்த நம் மாணவர் ஒருவரின் குடும்பமும் நம் குடும்பமும் அந்த மாதங்களில் ஒரே வீட்டாரைப் போல வாழ்ந்தோம். அன்று மக்ரிபையும் இஷாவையும் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். இஷாவுக்காகத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மீண்டும் போட்டபோது சில இன்னிங்ஸ்கள் கடந்திருந்தன.

மாணவருக்கு அப்போது 17 வயது. குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாஃபிழ். பேஸ்பாலின் அரிச்சுவடியை நமக்குக் கற்பித்தவரும் அவர்தாம். மத்ரஸா ஹஜ்ரத்துக்கு இந்த ஆட்டமெல்லாம் எதற்கு என்று கேட்போர் உண்டு. மாணவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அறிய அவர் விரும்பும் ஆட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் தொடக்கம். பிறகு நாமே அதில் ஆழ்ந்துவிட்டோம் என்பதையும் மறைக்கவில்லை. மதுபான விளம்பரம் வரும்போதெல்லாம் வீட்டின் கடைக்குட்டி ஓடிவந்து ஒலியை அணைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றுகொள்வாள். அன்றிரவு அவளுக்கு ஓய்வே இல்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவருக்கு அந்த இன்னிங்ஸ் முடிந்துவிடும். பேஸ்பாலில் அப்படியில்லை. மட்டையாளர் ஒன்பது பேர் ஒரு வரிசையில் வருவார்கள். ஒன்பதாமவர் முடித்ததும் முதலாமவர் மீண்டும் வருவார். ஆகவே பந்தெறியும் பிட்சர் ஒரே மனிதரை ஓரிரவில் இரண்டு முறை, மூன்று முறை எதிர்கொள்ள நேரும். ஒவ்வொரு முறையும் மட்டையாளரின் கண்ணுக்கு அவருடைய பந்து பழகிப்போகும். மூன்றாம் சுற்றில் பிட்சர்கள் அதிகம் அடிவாங்குகிறார்கள் என்பது பல ஆண்டுகளின் புள்ளிவிவரம் காட்டும் உண்மை. தாம்பா பே ரேஸ் அணியினர் இந்தக் கணக்கை ஏறத்தாழச் சட்டமாகவே கொண்டிருந்தார்கள். செல்வத்தில் மிகப் பின்தங்கிய அணிகளுள் ஒன்று அது. பணத்தால் வாங்க முடியாததைக் கணக்கால் ஈட்ட முயன்றது. வழக்கமாக ஆட்டத்தின் இறுதியில் வரும் செர்ஜியோ ரோமோ என்பவரை 2018 மே மாதத்தில் முதல் ஆளாகக் களமிறக்கிப் பலரையும் வியக்கவைத்தவர்களும் அவர்களே.

எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். செல்வம் மிக்க அணி. ஆயினும் 1988-க்குப் பின் கோப்பையைக் கண்டதில்லை. தொடரில் 3-2 என முன்னிலையில் இருந்தது. அன்று தோற்றால் ரேஸ் அணிக்கு எல்லாம் முடிந்தது.

அந்த இரவில் ரேஸ் அணியின் பிட்சர் பிளேக் ஸ்னெல் எறிந்ததைப் போல் எவரும் எறிந்து நாம் பார்த்ததில்லை. டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூவரான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் ஆகியோர் தலா இரண்டு முறை வந்தார்கள். ஆறு முறையும் பந்தைத் தொட்டு ஆட முடியாமல் ஸ்ட்ரைக்-அவுட் ஆகித் திரும்பினார்கள். ஆறாவது இன்னிங்ஸ். ரேஸ் 1-0 என முன்னிலை. ஒருவர் ஆட்டமிழந்தபின், வரிசையின் கடைசியில் வந்த ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்தார். அன்று ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அதுதான். 73 பந்துகளே எறிந்திருந்தார். அடுத்து பெட்ஸ், மூன்றாம் முறையாக.

அணியின் மேலாளர் கெவின் கேஷ் களத்துக்குள் நடந்துவந்தார்.

ஸ்னெல்லின் முகத்தைக் கேமரா நெருக்கமாகக் காட்டியது. வாயசைவிலிருந்தே அவர் உதிர்த்தது நல்ல சொல் அல்ல என்பது விளங்கியது. மாணவரின் வாப்பா எழுந்து நின்று கத்தினார். நாமும் கத்தினோம். வர்ணனையில் இருந்தவர்கள் ஜோ பக்கும் ஜான் ஸ்மோல்ட்ஸும். ஸ்மோல்ட்ஸ் ஒரு காலத்தில் பெரும் பிட்சர். 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தபோது அவரும் வெளியே எடுக்கப்பட்டார். எதிரணியின் ஜாக் மோரிஸ் பத்து இன்னிங்ஸையும் தாமே எறிந்து முடிக்க, ஸ்மோல்ட்ஸின் அணி 1-0 எனத் தோற்றது. அத்தகையவர் இந்தக் காட்சியைக் கண்டு அமைதியாக இருப்பார் என எதிர்பார்க்க முடியுமா?

மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன் அந்தப் பருவத்தில் மிகச் சிறப்பாக எறிந்தவர். ஆனால் இறுதிச் சுற்றுகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஓட்டங்களைக் கொடுத்துவந்தார். பெட்ஸ் ஒரு டபுள் அடித்தார். அடுத்து ஒரு பந்து தவறிப் பின்னால் ஓட, பார்ன்ஸ் ஓடிவந்து ஸ்கோரைச் சமன் செய்தார். சீகர் தரையில் உருட்டிய பந்தில் பெட்ஸும் வந்து சேர்ந்தார். சில நிமிடங்களில் 1-0 என்பது 1-2 ஆயிற்று. இறுதியில் டாட்ஜர்ஸ் 3-1 என வென்றது. ஸ்னெல் வெளியேறியதில் தமக்கு மகிழ்ச்சியே என்று டாட்ஜர்ஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார். பலிக்காமல் போனதற்கு வருந்துவதாகவும், யோசித்த முறை சரியானதே என்றும் கேஷ் கூறினார்.

ஒளிபரப்பு ஸ்னெல்லின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. நாமும் ஒவ்வொரு முறையும் கேஷைத் திட்டினோம். கண் முன்னால் ஒருவர் இப்படி எறியும்போது காகிதத்தைப் பார்த்து முடிவெடுப்பதா என்றோம்.

மாணவர் மட்டும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், அடுத்து வந்தவர் பெட்ஸை அவுட் ஆக்கியிருந்தால் இந்த மேலாளரை என்ன சொல்லியிருப்பீர்கள்?"

நாம் உஹதை எடுத்துக்கொண்டோம். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது என்பதே நபி (ஸல்) அவர்களின் கருத்தாக இருந்தது. வெளியே சென்று போரிட விரும்பியோரின் ஆலோசனையை ஏற்று அவர்கள் புறப்பட்டார்கள். அன்று முஸ்லிம்களுக்கு ஏற்பட்ட இழப்பு பெரிது. அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் 159-ஆம் வசனம் ஆலோசனையை நிறுத்திவிடச் சொல்லவில்லை. தோழர்களை மன்னித்து மீண்டும் அவர்களிடம் ஆலோசிக்கவே ஏவியது. விளைவு கசந்தது என்பதற்காக முடிவெடுத்த முறையே பிழையாகிவிடாது. நடந்து முடிந்ததைப் பற்றி, 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லிக்கொண்டிருப்பது ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்ற கருத்திலமைந்த நபிமொழியையும் நினைவூட்டினோம். அது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சற்று முன்வரை நாமே அந்த வாசலை அகலத் திறந்து வைத்திருந்தோம் என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் என்னை எடுத்ததும் சரிதானா?" என்றார்.

அவர் எதைக் கேட்கிறார் என்பது நமக்கு உடனே விளங்கியது. 2019 ரமளானில் எங்கள் ஜமாஅத்தின் வாடகைக் கூடத்தில் தராவீஹ் இருபது ரக்அத்துகள். முதல் பன்னிரண்டை அவரும் மீதி எட்டை வயதில் மூத்த ஹாஃபிழ் ஒருவரும் தொழவைப்பது என்று நாம் வகுத்திருந்தோம். அந்த வரம்பு நம் குறிப்பேட்டிலிருந்து வந்தது. தினமும் ஃபஜ்ருக்குப் பின் அவர் நம்மிடம் தவ்ர் ஓதுவார். எந்தப் பக்கத்தில் எத்தனை தடுமாற்றம் என்று குறித்துவைப்போம். பதினைந்து பக்கங்கள்வரை தெளிந்த நீரோட்டம்; அதற்குமேல் பிழைகள் கூடும். மாதக்கணக்கில் இதுவே நடந்தது.

பதினேழாம் இரவு. அன்று அவர் ஓதியது வேறு விதமாக இருந்தது. ரூம் சூராவிலும் லுக்மானிலும் பின்வரிசையில் சிலர் விம்மும் ஒலி கேட்டது. பன்னிரண்டாம் ரக்அத்தில் ஸலாம் கொடுத்ததும் அவர் திரும்பி நம்மைப் பார்த்தார். தொடரட்டுமா என்ற பார்வை. நாம் கையசைத்து மூத்தவரை முன்னே அனுப்பினோம். அஹ்ஸாப் சூராவில் ஆண்களும் பெண்களுமாக இணை இணையாக வரும் அந்த நீண்ட வசனத்தில் மூத்தவர் வரிசை தப்பி நின்றார். முதல் ஸஃப்பிலிருந்து லுக்மா எடுத்துக்கொடுத்தவர் இவர்தாம். மறுநாள் தொண்டை சரியில்லை என்றார். ஈத் வரை தொழவைக்கவில்லை. அதுபற்றி நாம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

திரையில் டாட்ஜர்ஸ் வீரர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். நாம் கீழே இறங்கிச் சென்று குறிப்பேட்டை எடுத்துவந்து காட்டினோம். கேஷுக்காகப் பேசிய அதே வாதத்தை நமக்காகவும் பேச ஆயத்தமாகவே இருந்தோம் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் பக்கங்களைப் புரட்டினார். தேதிகளைப் பார்த்தார்.

"கணக்கு சரிதான் ஹஜ்ரத்," என்றார். "பதினைந்தாம் பக்கம் வரும்போது மணி ஆறு நாற்பது ஆகியிருக்கும். ஆறு ஐம்பதுக்கு ஸ்கூல் பஸ். உங்கள் ஜன்னல் வழியாகப் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் மீதியை ஓதுவேன். விட்டுவிட்டால் வாப்பா வேலைக்குப் போகாமல் என்னைக் கொண்டுபோய் விடவேண்டும்."

அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் நாம்.

சனிக்கிழமை காலைகளில் அவர் ஓதியதை அப்போது தேடிப் பார்த்தோம். நான்கே நாள்கள் குறிப்பில் இருந்தன. நான்கிலும் ஜுஸ்வின் கடைசிப் பக்கம்வரை ஒரு கோடுகூட இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய வாப்பா பதறிப்போய், ஹஜ்ரத் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று தடுத்தார். கேட்டுத்தான் தீரவேண்டியிருந்தது.

2021 ரமளானில், இடைவெளி விட்டு நின்ற ஸஃப்களுக்கு முன்னால், அவர் மீண்டும் தொழவைத்தார். வரம்பு எதுவும் வைக்கவில்லை. மூத்த ஹாஃபிழ் பின்னால் ஆயத்தமாக இருந்தார். முதல் இரவில் பன்னிரண்டைக் கடந்தார். பதினான்கு முடிந்ததும் ஸலாம் கொடுத்துத் திரும்பினார். தண்ணீர் குடித்துவிட்டு, "தொண்டை வறண்டுவிட்டது, அவரை வரச்சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்று சொல்லி நமக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.