தண்டனை முடிந்த பிறகு

ஜனவரி 9, செவ்வாய்

நாங்கள் சில தொண்டர்கள் வாராவாரம் சந்திக்கும் மனிதர் சிறைத் தண்டனை முழுவதையும் அனுபவித்து முடித்தவர். ஆனால் தீர்ப்பு நாளிலேயே நீதிமன்றம் நீண்டகாலக் கண்காணிப்பு உத்தரவையும் சேர்த்து விதித்திருந்தது. கனடாச் சட்டப்படி அது 10 ஆண்டுகள் வரை நீளலாம். நிபந்தனைகளை வகுப்பது பரோல் சபை. மீறினால் அதுவே தனிக் குற்றம். அதற்கும் 10 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

இன்று பஸ் வரைபடத்தை மேசையில் விரித்து, பள்ளிக்கூடங்கள் உள்ள தெருக்களைச் சிவப்புப் பேனையால் அடித்துக் காட்டினார். வேலைக்குப் போகும்போது முன்னதாகவே இறங்கி, இந்தப் பனியிலும் சுற்றி நடக்கிறார்.

ஜனவரி 13, சனி

மச்சாள் சண்டைக்கே வந்துவிட்டா. "பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவள் நீ. அந்த ஆளோட உனக்கென்ன கதை?"

அவவின் கோபம் நியாயமானது. "அந்த ஆள் வெளியில வந்தாச்சு மச்சாள். ஆருமில்லாமல் தனிச்சுக் கிடக்கிறது நல்லதோ, நாலு பேரின்ர கண் முன்னால இருக்கிறது நல்லதோ?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

1994இல் ஹமில்ரனில் ஹாரி நை என்ற மெனனைட் போதகரும் அவருடைய சிறு சபையாரும் தொடங்கிய முறையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். சிறையிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றி நாலைந்து தொண்டர்கள் வட்டமாக நிற்பார்கள். இனியொருவர் பாதிக்கப்படக் கூடாது, எவரும் தூக்கியெறியத் தக்கவரல்ல: இந்த இரண்டுமே அதன் அடிப்படை. பிறகு பிரிட்டனுக்கும் பரவியது.

ஜனவரி 16, செவ்வாய்

கூட வேலை செய்யும் பெண் சாப்பிட அழைத்தாராம். பேச்சுவாக்கில்தான் சொன்னார். "அவவுக்குப் பிள்ளைகள் இருக்கா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். சிறிது நேரம் பேச்சில்லை. "ஒரு மகள். ஏழு வயது."

"பரோல் அதிகாரிக்குத் தெரியுமா?" தெரியாது. பெண்களோடான பழக்கத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அவருக்குள்ள நிபந்தனை. அங்கேயே எங்கள் முன்னால் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார், விரல்கள் நடுங்கின. அந்த வீட்டுக்குப் போகப்போவதில்லை என்பதையும் சொன்னார்.

ஜனவரி 20, சனி

அந்தச் சாப்பாட்டு அழைப்பு எந்த அதிகாரியின் கோப்பிலும் இருந்திருக்காது. வாராவாரம் முகத்துக்கு நேரே கேட்பவர்கள் இருந்ததால்தான் வெளியே வந்தது. நாங்கள் அவர் செய்ததை மன்னிக்கப் போகவில்லை. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. அந்த ஏழு வயதுப் பிள்ளைக்காகப் போகிறோம். நீதிமன்ற உத்தரவுக்கு முடிவுத் தேதி உண்டு. அதன் பிறகும் அவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க ஊரில் ஆட்கள் வேண்டும்.