வாணம் விடும் நாள்

தேனியினின்று கம்பம் நோக்கிப் பிரயாணஞ் செய்வோர்க்கு மேற்றிசை முழுதும் மலையே தோன்றும். அம்மலைகட்கு அப்பால், தெற்கே நெடுந்தொலைவில், திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் சிற்றூர் உளது. எம் ஊர் மாணாக்கர் சிலர், ராக்கெட்டு விடுதற்குச் சங்கமொன்று கூட்டவேண்டும் என்று என்பால் வந்தபோது, முதற்கண் யான் அவர்கட்கு எடுத்துரைத்தது அச்சிற்றூரின் சரித்திரமே.

1963ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21ஆம் தேதி மாலை, அமெரிக்காவிற் செய்யப்பெற்ற நைக்–அபாச்சி என்னும் ராக்கெட்டு அங்கிருந்து ஏவப்பெற்றது. அதன் பாகங்களைப் பொருத்த இடமளித்தது மரிய மகதலேனாள் தேவாலயக் கட்டடம். பொருத்தும் பணிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றவர், திருச்சிராப்பள்ளி செயிண்ட் ஜோசப் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். ராக்கெட்டை ஏவுபீடத்தில் ஏற்றுங்கால், பாரந்தூக்கும் யந்திரத்திற் கசிவு உண்டாகி, ராக்கெட்டு சாயத் தொடங்கிற்று. பழுதுபார்க்கப் பொழுதில்லை. ஆகவே அனைவரும் கூடித் தம் தோள்வலியாலேயே அதனை உரிய இடத்தில் நிறுத்தினர்.

இதனைக் கேட்டு மாணாக்கர் பெரிதும் உவந்தனர். அவருள் ஒருவன், "ஐயா, தீக்குச்சி மருந்தைச் சுரண்டி இரும்புக் குழாயில் அடைத்தால் நாமும் விடலாமே" என்றான். என் நெஞ்சம் திடுக்குற்றது. அமெரிக்க நாட்டில் 1950களில் இளைஞர் பலர் இங்ஙனம் முயன்று அங்கவீனம் எய்தினர். சிலர் உயிரும் துறந்தனர். இவ்வபாயத்தைக் குறித்து ஹாரி ஸ்டைன் என்பார் 1957இல் எழுதிய கட்டுரையைக் கண்டு, பாதரட்சை வியாபாரியாகிய ஆர்வில் கார்லைல், தாம் முன்னரே செய்திருந்த காகித ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். அவ்விருவர் முயற்சியால் ஒழுங்குகள் பிறந்தன: உடல் காகிதமும் மரமும் போன்ற இலேசான பொருளால் ஆதல் வேண்டும், மருந்தைக் கையால் அடைத்தல் ஆகாது, தீயை மின்சாரத்தால் தொலைவிலிருந்தே மூட்டவேண்டும்.

நம் பள்ளத்தாக்கிலோ எங்கு நோக்கினும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் வைக்கோற்போரும் உள. ஆனி ஆடியில் கணவாய் வழி வீசும் காற்றோ சொல்லுந்தரமன்று. ஆதலின் நெருப்பே வேண்டா என்று முடிவு செய்தோம். பிளாஸ்டிக் புட்டியில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் வார்த்து, சைக்கிள் பம்பினாற் காற்றடைத்து, கயிற்றை எட்ட நின்று இழுத்தால், நீர் கீழே பாயப் புட்டி மேலே எழும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதிக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமோ?

சங்கத்தின் முதற்பதவி எது என்று விவாதம் எழுந்தது. தலைவர் என்றனர் சிலர். பொக்கிஷதார் என்றனர் சிலர். "நில்" என்று சொல்லும் அதிகாரமுடைய ஒருவரே முதலில் வேண்டும் என்றேன் யான். அதற்கு அவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தெரிந்தெடுத்தனர். குறித்த நாளில் ஊரார் திரளாகக் கூடினர். காற்று வலுத்தது. அச்சிறுமி கையை உயர்த்தி, "இன்று வேண்டாம்" என்றாள். பெரியோர் சிலர் நகைத்தனர். மாணாக்கர் ஒருவரும் மறுத்திலர். புட்டியிலிருந்த காற்றை மெல்ல வெளியேற்றினர். மறுவாரம் காற்றடங்கிய காலைவேளையில் அப்புட்டி தென்னையின் உச்சியையும் கடந்து எழுந்தது. ஆயினும் அவர்கள் விஞ்ஞானம் கற்றது முந்திய வாரத்திலேயே என்பது என் துணிபு.