துடுப்பின் மேல் ஓடிய ஹீரோ

1958-ல் வந்த 'தி வைக்கிங்ஸ்' படத்தில் கர்க் டக்ளஸ் துடுப்புகள் மேல் ஓடுவார். கொள்ளையை முடித்து ஊர் திரும்பும் கப்பல். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளில் தாவித் தாவி ஒரு ஓட்டம். கீழே நார்வேயின் சில்லிடும் தண்ணீர். டூப் கிடையாது, அவரேதான். அப்பா ராக்னராக வரும் எர்னஸ்ட் போர்க்னைன், நிஜத்தில் 'பிள்ளை' கர்க் டக்ளஸைவிட ஆறேழு வாரம் சின்னவர். சினிமாவில் இதெல்லாம் சகஜம்.

வீட்டில் டிவிடி போட்டுப் பார்த்தபோது பையன் கேட்டான்: "நம்ம ஊர்ல இப்படி யாரும் கப்பல்ல கெத்தா போகலையாப்பா?"

நம்ம ஊர் என்றால் காவேரிப்பாக்கம். கடல் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளி. எங்களுக்குத் தெரிந்த கடல், ஏரிதான். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து அது நிரம்பிவிட்டால், கரையில் நின்று பார்க்கிறவனுக்கு எதிர்க்கரை தெரியாது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்றுத்தான் அப்பா என்னை பி.காம். படிக்கவைத்தார்.

ஏரியை வெட்டியவர் மூன்றாம் நந்திவர்மன் என்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர். படத்தில் வில்லனாக வரும் ஏலா, நிஜத்தில் இங்கிலாந்தில் நார்தம்பிரியாவின் ராஜா. 867-ல் யார்க் நகரில் வைக்கிங்குகளோடு மோதிச் செத்தார். அதே நூற்றாண்டில்தான் இங்கே நந்திவர்மன் ஆட்சி. அவருக்கு அவனிநாரணன் என்று ஒரு பட்டம் உண்டு. காவேரிப்பாக்கத்தின் பழைய பெயரே அவனிநாரணச் சதுர்வேதிமங்கலம்.

இனிமேல்தான் விஷயம். தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தகுவாபா என்று ஓர் ஊர். அங்கே சிதைந்துபோன ஒரு கல்வெட்டு கிடைத்தது. தமிழ்க் கல்வெட்டு! ஒரு குளம் வெட்டினார்கள், பெயர் அவனிநாரணம், அதற்கு மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காவல் என்கிறது. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. கடல் தாண்டிப் போன நம்ம ஆட்கள், போன இடத்தில் குளம் வெட்டி, எங்க ஊருக்கு இருந்த அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

சொன்னேன். பையன், "குளமா?" என்று கேட்டுவிட்டு கர்க் டக்ளஸ் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாம் மட்டும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்தில் இறங்கியபோது அந்த ஊர்க்காரர்கள் ஆரத்தி எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கப்பல் என்றாலே நமக்கும் சினிமாவில் கொள்ளைக்காரன்தான் வரவேண்டியிருக்கிறது. 1965-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்'கூட 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படத்தின் வழியில் வந்ததுதான். (அதற்காக அதை இருபது தடவை பார்க்காமல் விட்டேனா?)

உதவி இயக்குநராக இருக்கும் நண்பரிடம் குளத்துக் கதையைச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஃபைட் எங்க வருது?"

"நந்திவர்மன் வந்தவாசிப் பக்கம் தெள்ளாறுல பாண்டியனை அடிச்சு விரட்டியிருக்காரே!"

"அது தரையில சார். கடல்ல?"

முழித்தேன்.

"கவலைப்படாதீங்க, நாலு கொள்ளைக்காரங்களைச் சேர்த்துக்கலாம்" என்றார்.

சேர்க்கட்டும். குளம் வெட்டுகிற சீனை வெட்டாமல் இருந்தால் சரி.